இடதுபக்கம் ஓடும் நாடு

மொன்றியலில் பனி கொட்டும் காலை வேளைகளில் எங்கள் அப்பாவின் முகத்தில் ஒரு தனிக் களை வந்துவிடும். சென்ட் லோரன்ட்டில் நாங்கள் இருந்த தெருவில் மற்றவர்களின் கார்கள் சில்லு சுற்றிப் பனிக்குள் புதைந்து நிற்க, அப்பா தன் பழைய காரை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டி, ஒற்றைக் கையால் வெளியே எடுத்து, புவாண்ட்-கிளேரில் இருந்த பண்டகசாலை வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். போகிற வழியில் யாராவது மாட்டுப்பட்டு நின்றால் இறங்கித் தள்ளியும் கொடுப்பார். என்னுடன் படித்த பிள்ளைகளின் அப்பாமார் சிலர் வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருந்தார்கள். அவர்களில் ஒருவராலும் உறைந்த தெருவில் வழுக்காமல் கார் ஓட முடியாது என்று அப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். நான் அதை முழுமையாக நம்பினேன்.

அம்மாவிடமும் கெபெக் லைசன்ஸ் ஒன்று இருந்தது, வந்த புதிதில் கியர் காரில் சோதனை கொடுத்து எடுத்தது. வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ அடையாள அட்டை கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார். அதற்கு மேல் அதனால் ஒரு பயன் இருப்பதாக எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் ஒரு கார்தெரியில் அம்மாவுக்கு வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவார். நானும் ஒருநாள் ஓடிப் பார்க்கட்டுமா என்று அம்மா எப்போதாவது கேட்டால், இந்தப் பனிக்குள் உமக்கு ஏன் இந்த வில்லங்கம் என்று அப்பா அன்பாகத்தான் சொல்லுவார். கோடை காலத்திலும் அதையேதான் சொல்லுவார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நாங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போனோம். அங்கே என் மாமா இருந்தார், அம்மாவின் ஒரே தம்பி. கலியாணம் முடித்து அம்மா கனடாவுக்கு வந்தபோது மாமா பள்ளிக்கூடப் பையன். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. இடையில் யுத்தம் முற்றி, ஊரில் இருந்த பெற்றோரும் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோய், மாமா கடைசியில் ஒரு வள்ளத்தில் ஏறி அவுஸ்திரேலியாவில் போய் இறங்கியிருந்தார். மரே ஆற்றங்கரையில் முந்திரிகைத் தோட்டங்கள், அதாவது திராட்சைத் தோட்டங்கள், நிறைந்த ஒரு சிற்றூரில் பழம் வெட்டும் வேலை. விசா விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை அந்த நாட்டை விட்டு அவர் வெளியே போகவும் ஏலாது, போனால் திரும்பி வரவும் ஏலாது. எங்களுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. மாமாவால் வர முடியாது, நாங்கள்தான் போக வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அவருக்கு வேலையில் அவ்வளவு பிடிப்புப் போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மெல்பேர்ணில் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவரின் வீட்டில் இறங்கி, மார்கழி மாதத்து வெயிலைக் கண்டு வாய் பிளந்து, அடுத்த நாளே வாடகைக்கு ஒரு கார் எடுக்கப் போனோம். சிநேகிதர் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்கவில்லை. கண்ணாடித் தூளாய்ப் பனி பறக்கும்போதே நெடுஞ்சாலையில் ஓடினவனுக்கு இந்த வெயில் றோட்டு ஒரு றோட்டா என்றார். பக்கம் மாறி ஓட வேண்டுமே என்று சிநேகிதர் தயங்கியதற்கு, பக்கம் மாறினால் என்ன, கார் காராகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தது.

வாடகைக் கார் கவுண்டரில் இருந்த பெண் வேறு யாராவது ஓடுவார்களா என்று கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அம்மா கைப்பையைத் திறந்து, தன் லைசன்ஸை எடுத்து, கவுண்டரில் வைத்தார்.

“உமக்கு ஏன் இப்ப இது?” என்றார் அப்பா தமிழில்.

“கிடக்கட்டும்,” என்றார் அம்மா.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. அவள் அம்மாவின் பெயரையும் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். அப்பா எங்களுக்கு முன்னால் விறுவிறு என்று கார் நிற்கும் இடத்துக்கு நடந்தார். போய்ச் சேர்ந்ததும் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். முன்னால் ஸ்டியரிங் இல்லை. இருக்கை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் ஏறினவர்போல மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி மறுபக்கம் போனார்.

மெல்பேர்ண் நகரத்தை விட்டு வெளியேறுவது பெரிய பாடாக இருந்தது. அந்தக் காரில் சிக்னல் போடும் தண்டு ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருந்தது, மழைத் துடைப்பான் இடப்பக்கம். மொன்றியலில் எல்லாம் இதற்கு எதிர். ஆகவே அப்பா திரும்ப நினைத்த ஒவ்வொரு சந்தியிலும் துடைப்பான்கள் எழும்பி, ஒரு துளி மழையில்லாத கண்ணாடியை மும்முரமாகத் துடைத்தன. பின் இருக்கையில் அண்ணாவும் நானும், அடுத்த சந்தியில் துடைப்பான் எழும்புமா எழும்பாதா என்று பிரெஞ்சில் குசுகுசுத்துப் பந்தயம் பிடித்தோம். எழும்பாது என்று சொல்ல இருவருமே விரும்பாததால் பந்தயம் நீடிக்கவில்லை. முன்னால் இருந்த அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் இடப்பக்கம், இடப்பக்கம் என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், நீர் சும்மா இரும் என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பென்டிகோ என்ற ஊர் கழிந்ததும் நாடு திறந்துகொண்டது. அப்படியொரு வெளியை நான் அதுவரை கண்டதில்லை. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் இருபுறமும் மஞ்சளாய்க் கிடந்தன. அவற்றின் நடுவே தனித்தனியாக யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. ஊருக்கு ஊர் தானியம் கொட்டி வைக்கும் பெரிய வெள்ளை உருளைகள் தூரத்திலேயே தெரியும். அவற்றை நோக்கிப் போனால் நான்கு வீடும் ஒரு மதுக்கடையும் இருக்கும். அதைத் தாண்டினால் மறுபடி வெளி. மின்கம்பிகளில் இளஞ்சிவப்பு நிறக் கிளிகள் கூட்டமாக இருந்து சண்டை பிடித்தன. சாலை ஓரங்களில் அடிபட்டுக் கிடந்த கங்காருக்களை அம்மா எங்களுக்குக் காட்டாமல் கடக்கப் பார்த்தார். அண்ணா எண்ணிக்கொண்டு வந்தான்.

நேர்ச்சாலை வந்ததும் அப்பாவின் மிடுக்கும் திரும்பி வந்தது. ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவுஸ்திரேலியாவைப் பற்றி எங்களுக்கு விளக்க ஆரம்பித்தார். இறங்கிய மறுநாளே அந்தக் கண்டத்தை அவர் ஏறக்குறைய முழுமையாக அறிந்துவைத்திருந்தார்.

மதியத்துக்குச் சற்று முன்னால், கடைத்தெருவின் நட்டநடுவே ரயில் தண்டவாளம் ஓடும் ஒரு சிற்றூரில் நிறுத்தினோம். பெற்றோல் அடித்து, கடையில் மாவுக்குள் இறைச்சிக் குழம்பு வைத்துச் சுட்ட சூடான ‘பை’ வாங்கித் தின்றோம். ஈக்கள் எங்களுக்கு முன்னரே தின்ன வந்திருந்தன. அம்மா தன் பங்கில் பாதியைத் தின்னாமல் வைத்துவிட்டார். மாமா அங்கே சமைத்து வைத்துக் காத்திருப்பார், பிந்தக்கூடாது என்றார். அன்று காலை மட்டும் வேலைக்குப் போய்விட்டு மாமா லீவு கேட்டு வீட்டுக்கு வந்திருந்தார். தொலைபேசியில் அவர் ஒவ்வொரு அரை மணிக்கும் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். அந்த ஊர்களின் பெயர்கள் எதையும் அப்பாவால் சரியாக உச்சரிக்க முடியாததால் நாங்கள் எங்கே நின்றோம் என்பது மாமாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பெற்றோல் நிலையத்திலிருந்து வெளிக்கிட்டு ஊரைத் தாண்டினோம். அண்ணா தூங்கிவிட்டான். என் சட்டையில் இறைச்சிக் குழம்பு ஊற்றுப்பட்டிருந்ததால் அம்மா முன் இருக்கையிலிருந்து பின்னுக்குத் திரும்பி ஈரக் கடதாசியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனமும் இல்லை. எனக்கு அந்தச் சில நிமிடங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. காலையிலிருந்து இருந்த ஒரு சங்கடம் போய், எல்லாம் சரியாகி, மொன்றியலில் எங்கள் நெடுஞ்சாலையில் போவதுபோல நிம்மதியாக இருந்தது. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. நாங்கள் மொன்றியலில் போகிற மாதிரியே வலப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம்.

எதிரே, வெயில் நடுங்கும் தார்ச்சாலையின் முடிவில், ஒரு லொறி தோன்றியது.

“இவன் ஏன் என்ரை பக்கத்தாலை வாறான்?” என்றார் அப்பா.

பயம் அந்தக் குரலில் இருக்கவில்லை. மற்றவனின் அறியாமையைக் கண்ட எரிச்சல்தான் இருந்தது. லொறிக்காரனை எச்சரிக்க அப்பா ஏதோ ஒரு தண்டைத் தட்டினார். துடைப்பான்கள் எழும்பின. லொறியின் ஹோர்ன் நீளமாய் அலறியது. தானியம் ஏற்றி, பின்னால் இன்னொரு பெட்டியும் கொளுவிய லொறி. அதனால் விலக முடியாது.

அம்மா திரும்பிப் பார்த்தார். கத்தவில்லை.

“விடுங்கோ,” என்று சொல்லி, கையை நீட்டி, ஸ்டியரிங்கைத் தன் பக்கமாக இழுத்தார்.

கார் சாலையைக் குறுக்கே கடந்து, சரளைக் கற்களில் சறுக்கி, செந்தூசி எழும்பி எதுவும் தெரியாமற்போய், ஒரு வயல் வேலிக்குக் கிட்டவாகப் போய் நின்றது. லொறி கடந்துபோன காற்றில் கார் ஒருதரம் ஆடியது. அண்ணா கண்விழித்து, வந்துவிட்டோமா என்று கேட்டான்.

லொறியால் வெகுதூரம் தள்ளிப் போய்த்தான் நிற்க முடிந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் எங்களை நோக்கி நடந்து வந்தார். அரைக் காற்சட்டையும் கனத்த சப்பாத்தும் போட்ட, அப்பாவைவிட மூத்த, பருத்த மனிதர். அப்பாவை அடிக்கத்தான் வருகிறார் என்று நான் நினைத்தேன். அவர் வந்து முதலில் பின் கண்ணாடியால் குனிந்து அண்ணாவையும் என்னையும் பார்த்தார். எங்களுக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் திரும்பி லொறிவரை நடந்துபோய்க் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்களுடன் மறுபடி வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கனடா என்று அம்மா சொன்னதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தானும் அமெரிக்காவுக்குப் போனபோது ஒருநாள் காலை இப்படித்தான் எதிர்ப்பக்கத்தில் ஓடியதாகச் சொன்னார். அது உண்மையில் நடந்ததோ, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் உண்டாக்கிச் சொன்னாரோ தெரியாது. அப்பாவின் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டுப் போனார்.

துடைப்பான்கள் இன்னும் காய்ந்த கண்ணாடியில் தேய்ந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அப்பா அவற்றை நிறுத்தவில்லை. இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டு அப்படியே இருந்தார். என் பிள்ளைகளை, என்று ஏதோ சொல்லத் தொடங்கி, அதை முடிக்கவில்லை. உறைபனியில் வழுக்காத அப்பா அவ்வளவு சின்னவராக ஓர் இருக்கையில் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பயமாக இருந்தது. லொறி வந்தபோது வராத பயம்.

அம்மா தன் பக்கத்தால் இறங்கி, காரைச் சுற்றி வந்து, அப்பாவின் கதவைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துடைப்பானை நிறுத்தினார்.

“நீங்கள் அங்காலை இருங்கோ. நான் ஓடுறன்.”

அப்பா அவரைப் பார்த்தார். நீர் சும்மா இரும் என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இறங்கி, காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நடந்து, மறுபக்கம் போய் ஏறினார்.

அம்மா செருப்புகளைக் கழற்றி என்னிடம் தந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் திருத்தி, வெறுங்காலால் மிதிகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். காரை எடுத்துச் சாலையில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முன்னுக்குப் போய் முட்டும்படி ஒரு தரம் பிரேக் போட்டார். கிளட்சைத் தேடிய இடதுகால் பிரேக்கை மிதித்துவிட்டது. இந்தக் காரில் அந்தக் காலுக்கு வேலையில்லையா என்று கேட்டார். இல்லை என்று அப்பா மெல்லச் சொன்னார். அம்மா அந்தக் காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு கார் ஒருமுறைகூடக் குலுங்கவில்லை.

எனக்குத் தெரிந்த அம்மா, பஸ் ஏறும்போது பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டு விட்டுக் கடைசியாக ஏறுபவர். இந்த அம்மாவின் முதுகு நேராக இருந்தது. எதிரே வந்த வாகனங்கள் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து, ஒன்றுக்கும் பயந்து ஒதுங்காமல் போனார். அந்த நாட்டுப்புறத்தில் எதிரே வரும் ஓட்டிகள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லுவார்கள். அப்பா காலை முழுதும் அதைக் கவனிக்கவேயில்லை. அம்மா முதல் ஆளுக்கே விரலைத் தூக்கினார். ஓரிடத்தில் ஈமு என்கிற அந்தப் பெரிய பறவைகள் குடும்பமாய்ச் சாலையைக் கடந்தன. அம்மா காரை நிறுத்தி, கடைசிக் குஞ்சு வேலிக்குள் புகும்வரை நின்று, பிறகு எடுத்தார்.

இன்னும் இரண்டு ஊர் கடந்த பின் அப்பா கேட்டார்.

“இப்பிடி ஓட எங்கை பழகினனீர்?”

“அப்பாவின்ரை காரிலை.”

அம்மாவின் அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாடகைக்கு ஓடிச் சீவித்தவர் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை அவருடைய மகளும் ஓடினார் என்பது அப்பாவுக்கே தெரியாதது.

மாமாவின் ஊருக்குக் கிட்டவாக வந்தபோது அண்ணாவின் கைத்தொலைபேசி எங்களைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கி ஒரு குறுக்கு வழியில் விட்டது. செம்மண் பாதை. போகப்போக மண் ஆழமாகி, சில்லுகள் பக்கவாட்டில் இழுபடத் தொடங்கின. அண்ணா திரும்பிப் போவோம் என்றான். அம்மா வேகத்தைக் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்து, கார் இழுக்கிற பக்கம் கொஞ்சம் விட்டுப் பிடித்தார். மணலில் பிரேக் போட்டால் புதைந்துவிடும், காரோடு மல்லுக்கட்டக்கூடாது என்று அவர் சொன்னபோது, அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பனியிலும் அப்படித்தான் என்றார். பிறகு, அந்தா அந்த மேட்டுக்கு முன்னால் கொஞ்சம் வேகம் வேணும் என்று கையைக் காட்டினார். அம்மா தலையாட்டி வேகத்தைக் கூட்டினார். அந்தப் பாதை முடியும்வரை அவர்கள் இருவரும் மணலையும் பனியையும் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அன்று அதிகாலையிலிருந்து அவர்கள் இடப்பக்கம் என்ற சொல்லைத் தவிர வேறெதையும் அதிகம் கதைக்காதவர்கள்.

ஊரின் ஓரத்தில், முந்திரிகைக் கொடிகளுக்கு நடுவே, பலகையால் கட்டிய ஒரு வீடு. முன்னால் நீல நிறத்தில் பெரிய தண்ணீர்த் தாங்கி. தோட்ட வேலைக்கு வந்த நாலைந்து பேர் சேர்ந்திருந்த வீடு அது. வாசல் படலையடியில் மாமா நின்றார். படங்களில் கண்டதைவிட மெலிந்து, உயரமாக, கழுத்துவரை பட்டன் பூட்டிய வெள்ளைச் சட்டையுடன். கார் நின்றதும் அவர் அம்மாவைத் தேடி இடதுபக்கக் கதவடிக்கு ஓடினார். கதவைத் திறந்தால் உள்ளே அப்பா. மாமா நிமிர்ந்து காரின் கூரைக்கு மேலால் பார்த்தார். அந்தப் பக்கம் அம்மா வெறுங்காலுடன் மண்ணில் இறங்கி நின்றார்.

“நீங்களோ அக்கா ஓடிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஓம்,” என்றார் அம்மா.

மாமா சிரித்தார். சிரிப்புத்தான், ஆனால் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டார். அம்மா காரைச் சுற்றி வந்து, எட்டி, மாமாவின் சட்டைக் கழுத்து மடிந்திருந்ததை நிமிர்த்திவிட்டார். கழுத்து நிமிர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. விமான நிலையங்களில் கட்டிப்பிடித்து அழுகிறவர்களை நான் பார்த்திருந்தேன். இவர்கள் அப்படி ஒன்றும் செய்யாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் ஆறிப்போயிருந்தாலும் ருசியாக இருந்தன. மாமா எங்களுக்கு வாரி வாரிப் போட்டார். தான் சாப்பிடாமல் அம்மா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் உயிருள்ள கங்காரு கூட்டமாக நிற்கும், காட்டுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அதற்காகவே சாப்பிட்ட கையோடு எல்லோரும் மறுபடி காரில் ஏறினோம். அப்பா தானாகவே சாவியை அம்மாவிடம் கொடுத்தார். மரியாதைக்கு மாமாவை முன்னுக்கு வந்து இருக்கும்படி அழைத்தார்.

“இல்லை அத்தான், நான் பின்னுக்கே இருக்கிறன்,” என்றார் மாமா.

அவர் அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் ஏறி, நீண்ட கால்களை மடக்கி, என்னை நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. வழி சொல்ல வேண்டியவர் முதல் சந்தியில் இடப்பக்கம் என்றார். இரண்டாம் சந்தியில் நேரே என்றார். மூன்றாவது சந்தியில் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாய் சற்றே திறந்தபடி, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

இதன் அர்த்தம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எங்கள் வீட்டில் எவ்வளவோ மாறிவிட்டது. மொன்றியலுக்குத் திரும்பிய அந்தப் பனிக்காலத்திலேயே அப்பா அம்மாவுக்கு உறைபனியில் ஓடப் பழக்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அம்மா கார்தெரிக்குக் காரில்தான் போய்வந்தார். மாமாவுக்கு வதிவிட உரிமை கிடைத்து, கலியாணமும் நடந்து, இப்போது அவர் ஆண்டுக்கொரு முறை எங்களிடம் வந்து பனியைப் பார்த்துப் புறுபுறுத்துவிட்டுப் போகிறார். எனக்குக் கார் பழக்கியதும் அம்மாதான். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் புவாண்ட்-கிளேரில் ஒரு கடைத்தொகுதியின் வெறிச்சோடிய தரிப்பிடத்தில் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, பக்கத்தில் இருந்தபடி அம்மா ஒருநாள் அதைச் சொன்னார்.

இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுதும் வீடு வாசலை விட்டு வெளியேறிய அந்த மழை நாளில், அம்மாவின் அப்பாவுக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாது. பெற்றோல் கிடைக்காத காலம். கார் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. பத்தொன்பது வயது அம்மா வெறுங்காலுடன் ஸ்டியரிங்கில் இருந்தார். நடந்து போகிறவர்களுக்கு நடுவே, அவர்களின் நடை வேகத்தில், ஒரு தரம்கூட நிற்காமல் காரை ஊர வைத்துக்கொண்டு போனார். பின் இருக்கையில் மூட்டைகளுக்கு நடுவே அவருடைய சின்னத் தம்பி. அவன் இடையிடையே கண் விழித்து, அக்கா ஓடுறியா என்று கேட்பானாம். ஓம் என்றதும் மறுபடி படுத்துவிடுவானாம். வழியில் பாலம் கடந்ததும் தெரியாமல், செல் குண்டு விழுந்ததும் தெரியாமல், சாவகச்சேரி வரும்வரை உறங்கினானாம். பிந்திய காலத்தில், கடைசி யுத்தம் நடந்த வன்னியிலும் பிறகு கடலிலும் தன்னால் கண்ணை மூட முடிந்ததேயில்லை என்று மாமா தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா இதைச் சொல்லி முடித்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து ஓடு என்று என்னை அதட்டினார்.

ஆனால் அன்று, ஆற்றங்கரைச் சாலையில், எனக்குப் பதினொரு வயது. மாமாவின் தலை கண்ணாடியிலிருந்து வழுகி என் தோளில் விழுந்து பாரமாய் அழுத்தியது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு இப்படிக் குறட்டை விடுகிறாரே என்று கோபமாக வந்தது. ஆற்றையும் கண்டோம், மரநிழலில் நின்ற கங்காருக்களையும் கண்டோம். அம்மா நிறுத்தவில்லை. எழுப்பட்டுமா என்று அண்ணா கேட்டதற்கு வேண்டாம் என்று அப்பாதான் கையைக் காட்டினார்.

முந்திரிகைத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு மாமாவின் வீட்டடிக்கு வந்தோம். அம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வீட்டைத் தாண்டிப் போனார். இன்னொரு சுற்றுச் சுற்றி அதே தெருவுக்கு வந்தோம். அதே படலை. மறுபடி தாண்டிப் போனார். வழி தெரியவில்லையா என்று கேட்டேன். தெரியும் என்றார், குரலை உயர்த்தாமல்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று முழுதும் அவ்வளவு கெட்டித்தனமாக ஓடி வந்த அம்மா, அந்தச் சின்ன ஊருக்குள் வழி தவறிவிட்டார், அப்பாவுக்கு முன்னால் அதை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அவருக்காகப் பாவமாகவும் இருந்தது. ஆகவே அடுத்த சுற்றில் அந்தத் தெரு வந்தபோது, மாமாவின் பாரமான தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முன்னுக்கு எம்பி, அம்மாவின் காதோரம், மற்றவர்களுக்குக் கேட்காதபடி, அந்தா அந்த நீலத் தாங்கி நிற்கிற வீடுதான் அம்மா என்று சொல்லிக்கொடுத்தேன்.